கருங்குறிச்சி வளைவில் சொல்லக் கூடாத சொல்

ஜூன் 3, செவ்வாய்

துறைமுகத்தில் இன்று மூன்று இறக்கைகளையும் பார்த்தேன். காற்றாலை தூரத்தில் சுற்றும்போது குழந்தைகள் பிடித்துக்கொண்டு ஓடும் காற்றாடி மாதிரித்தான் தெரியும். இறக்கையைத் தரையில் படுக்க வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை. எங்கள் தெரு முழுவதும் அதில் அடங்கிவிடும்.

இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக மேற்கே காற்றாலைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பத்து வருடமாக அலுவலகத்தில் உட்கார்ந்து சாலை அனுமதிக் கடிதங்களை அடித்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவை, அதாவது என்னை, முதலாளி முதல்முறையாக வெயிலில் இறக்கியிருக்கிறார். "நீ காயிதத்துல அனுப்புன வண்டி எல்லாம் ஒழுங்கா போச்சுல்லா, இனி ரோட்டுலயும் அனுப்பு" என்றார். பாராட்டா தண்டனையா என்று நான் கேட்கவில்லை.

வழி முழுக்க நல்ல சாலை. கருங்குறிச்சி ஒன்றுதான் தொண்டையில் முள். ஊருக்குள் சாலை சட்டென்று வலது பக்கம் மடங்குகிறது. உள்மூலையில் சிக்கந்தர் பாயின் புரோட்டாக் கடை. வெளிப்பக்கம் பள்ளிக்கூட மைதானம், அதைச் சுற்றிக் கல் நட்டுக் கட்டிய கம்பி வேலி. பள்ளி இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான் அனுமதி.

என் ஆட்கள் மூன்று பேர். வண்டி ஓட்டுபவர் நாச்சிமுத்து, சங்ககிரிக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். நான் எது சொன்னாலும் "செரிங்க மேடம்" என்கிறார். மரியாதை என்றால் அது. முன்னால் ஜீப்பில் போய் வழி ஒதுக்குபவன் தணிகைவேல், சென்னைப் பையன். வாய் ஓய்வதில்லை. எதைக் கேட்டாலும் "தாராளமா போவும் மேடம்". மூன்றாவது ஆள் சுடலைமணி, நாங்குநேரிப் பக்கம். இவ்வளவு நீள வண்டிக்குப் பின்சக்கரங்களைத் திருப்பத் தனி ஆள் வேண்டும். கழுத்தில் ஒரு ரிமோட் பெட்டியை மாட்டிக்கொண்டு வண்டியின் வாலோடு நடந்து வருவது அவன் வேலை. இன்று காலை முதல் மாலை வரை அவன் என்னிடம் பேசியது "ம்".

நாச்சிமுத்துவை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். "எங்கூருப் பக்கம் அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க" என்று சிரித்தார். இருந்தாலும் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 5, வியாழன்

இன்று வேலை கெட்டது. முதலாளி ஏதோ கல்யாணத்தில் சந்தித்த பயிற்சியாளர் ஒருவரை அனுப்பியிருந்தார். "சக ஊழியரைப் புரிந்துகொள்வோம்" என்று ஒரு வகுப்பு. லாட்ஜ் ஹாலில் ஏசி போட்டு, கேசரியும் வைத்தார்கள்.

ஆளுக்கொரு தாள். உங்கள் நண்பர் தாமதமாக வந்தால் என்ன செய்வீர்கள், கூட்டத்தில் யாரோடு உட்காருவீர்கள் என்று கேள்விகள். விடையைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு பறவை. நாச்சிமுத்து புறா, யார் மனதையும் நோகடிக்காதவர். தணிகைவேல் மயில், பார்க்க ஆள் இருந்தால்தான் தோகை விரியும். சுடலைமணி பாதித் தாளை வெறுமையாக வைத்திருந்தான். அது ஆந்தையின் விடையாம்.

நான் பருந்து. உயரத்திலிருந்து பார்ப்பவர், சட்டென்று முடிவெடுப்பவர், அடுத்தவர் பேசி முடிக்குமுன் பதில் சொல்பவர் என்று வாசித்தார். கடைசியாகச் சொன்னது தப்பு என்று அவர் வாசித்து முடிப்பதற்குள் சொன்னேன்.

எல்லாருக்கும் பறவைப் படம் போட்ட அட்டை கொடுத்தார்கள். கனமான அட்டை. டிபன் பாக்ஸுக்குக் கீழே வைத்திருக்கிறேன், குழம்பு கசிந்தால் பை கெடாது.

ஜூன் 7, சனி

முதல் இறக்கையோடு கருங்குறிச்சிக்கு வெளியே வந்து நிற்கிறோம். சாயங்காலம் மூவரையும் கூட்டி வைத்து வரைபடத்தை விரித்தேன். எந்தத் தடத்தில் வருவது, எங்கே நிற்பது, எங்கே திருப்புவது எல்லாம் அதில் இருக்கிறது. பள்ளிக்கூட வேலியைத் தொடக் கூடாது என்று சிவப்பு மையில் நானே எழுதியிருக்கிறேன்.

தணிகை, "தாராளமா போவும்" என்றான். நாச்சிமுத்து வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாக்கலாமுங்க" என்றார். சுடலை வேலியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆக, மூவரும் ஒப்புக்கொண்டார்கள். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அலுவலகத்தில் நடக்கும் கூட்டங்களையும் இப்படி நடத்தலாம்.

ஜூன் 8, ஞாயிறு

யாருக்கும் அடிபடவில்லை. இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 9, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு வளைவுக்குள் நுழைந்தோம். வண்டியைப் பாதியில் நிறுத்தினேன். சுடலை ரிமோட் பெட்டியின் லீவரை அழுத்திப் பின்சக்கரங்களைத் திருப்பிக்கொண்டிருந்தான். தணிகை வண்டிக்கு முன்னால் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனுக்குப் பின்னால் ஒரு பஸ் காத்திருந்தது. சக்கரம் போதுமான அளவு திரும்பிவிட்டதாக எனக்குப் பட்டது. லீவரிலிருந்து சுடலை கையை எடுத்தால் நான் இறங்கிப் போய்க் கடைக்கும் இறக்கைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கலாம். மூவர் காதிலும் விழும் வாக்கி-டாக்கியில், "போதும், விடுங்க" என்றேன்.

சுடலை லீவரை விட்டான். தணிகை கொடியை இறக்கிவிட்டு பஸ்ஸை விட்டான். நாச்சிமுத்து, "செரிங்க" என்று சொல்லி வண்டியை விட்டார்.

இறக்கை பாயின் கடைப் பக்கம் வெட்டிக்கொண்டு வந்தது. "ஹோல்டான்" என்று நான் கத்தியது கயத்தாறு வரை கேட்டிருக்கும். பெயர்ப் பலகை மடங்கி, தகரக் கூரை பிய்ந்து, கல்லில் கிடந்த புரோட்டா மேல் விழுந்தது. அதிகாலை வியாபாரம் முடிந்த நேரம், உள்ளே பாய் மட்டும்தான். அவரும் பின்பக்கம் மாவு பிசைந்துகொண்டிருந்தார். இறக்கையின் ஓரத்தில் கை நீளத்துக்குக் கீறல். சரிசெய்யத் துறைமுகத்துக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

அறிக்கையில் "தகவல் தொடர்புக் கோளாறு" என்று எழுதினேன். கோளாறு யாரிடம் என்று எழுதும் கட்டம் ஒன்று இருந்தது. அதை நிரப்பவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

முதலாளி கூப்பிட்டார். "டிரைவரே ஒத்துக்கிட்டாரும்மா. எம்பட தப்புதானுங்க, மேடம் நில்லுன்னாங்க, நாந்தான் நகத்திட்டேன்னு சொன்னாரு" என்றார்.

வண்டி நகருவதற்கு முன்னால் நான் நில்லு என்று சொல்லவே இல்லை.

அதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. வருகிற ஞாயிறு இரண்டாவது இறக்கை. அது வளைவைக் கடந்தால் மீதியும் நம்முடையது. கடக்காவிட்டால் நாச்சிமுத்து சங்ககிரிக்குத் திரும்பிப் போகலாம், வேலை வேறு கம்பெனி ஆட்களுக்குப் போய்விடும். "நீ பழையபடி ஆபீஸுக்கு வந்துரும்மா, ஒனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அந்த "ஒண்ணுமில்ல" வந்த வேகத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது.

நாச்சிமுத்துவிடம் போய், "எதுக்கு அண்ணாச்சி பொய் சொன்னீங்க" என்று கேட்டேன். "நீங்க பொம்பளப்புள்ள, மொத வேலைங்க. எனக்கென்னங்க, இன்னிக்கில்லாட்டி நாளைக்கு வீட்டுக்குப் போறவன்தானுங்களே" என்றார். அவர் மேல் கோபமாக வந்தது. கோபம் இல்லை. வேறு ஏதோ.

ஜூன் 11, புதன்

நாலு பேரும் பாய் கடையில் கூரை வேய்ந்தோம். பாய் எங்களைத் திட்டவே இல்லை, அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. புதுத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, ஞாயிற்றுக்கிழமை நான் பேசியது அவர்கள் காதில் எப்படி விழுந்தது என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன், ஆணியைப் பல்லில் கடித்திருந்ததால்.

"நீங்க உடுங்கன்னீங்க. வண்டிய உடுங்கன்னாக்க ஓட்டறதுதானுங்களே" என்றார் நாச்சிமுத்து.

"வுடுங்கன்னா பின்னாடி கீற பஸ்ஸ வுடச் சொல்றீங்கன்னு நெனச்சேன் மேடம். சிக்னல்ல போலீஸ்காரு சொல்ற மாதிரி. அதான் கொடிய எறக்கிட்டேன்" என்றான் தணிகை.

"அவன் கொடிய எறக்குனதப் பாத்துட்டுத்தானுங்க எனக்குத் தைரியமே வந்துது" என்றார் நாச்சிமுத்து.

சுடலை, இல்லாத லீவரிலிருந்து கையை எடுத்துக் காட்டினான். அவன் ஒருவன்தான் நான் நினைத்ததைச் செய்திருக்கிறான்.

ஒரு சொல். மூன்று பேரும் கேட்டார்கள், மூன்று பேரும் சொன்னதைச் செய்தார்கள். ஒருவனாவது சொல்பேச்சுக் கேட்காதவனாக இருந்திருந்தால் பாயின் பலகை தப்பியிருக்கும்.

உள்ளேயிருந்து பாய், "எங்கிட்ட விடுன்னா சால்னா ஊத்துன்னு அர்த்தம்" என்றார். நல்லவேளை அவரிடம் வாக்கி இல்லை.

இன்னொன்றும் இன்று தெரிந்தது. நாச்சிமுத்துவின் "செரிங்க" என்றால் ஒப்புக்கொண்டேன் என்று பொருள் இல்லை. நீ சொன்னது காதில் விழுந்தது என்றுதான் பொருள். தணிகையின் "தாராளமா போவும்" என்றால், போக வேண்டும் என்று ஆசைப்படுகிறான் என்று பொருள். ஒரு வாரமாக இதை வைத்துக்கொண்டு நான் வண்டி நடத்தியிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று முதல் தடை. "விடு" என்ற சொல்லையோ அதன் பிள்ளை குட்டிகளையோ யாரும் வாயிலெடுக்கக் கூடாது. எடுத்தவர் அந்த வேளை எல்லாருடைய தட்டையும் கழுவ வேண்டும். சட்டம் போட்டது நான். நீதிபதி தணிகை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தச் சொல் இல்லாமல் தமிழே பேச முடியாது போலிருக்கிறது. நாச்சிமுத்து, "வெயில் சித்த தணியட்டும், அப்பறம்..." என்று தொடங்கி நடுவில் நின்று வியர்த்தார். சுடலைக்குக் கவலையே இல்லை, பேசினால்தானே.

காலைத் தட்டு நான் கழுவினேன். மதியத் தட்டும் நான்தான். இரவு, "மனுசியப் பேசவே விடமாட்டீங்களா" என்று கேட்டேன். அதுவும் கணக்கில் சேரும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீட்டிலும் அந்தச் சொல் வந்துவிட்டதாம்.

ஜூன் 13, வெள்ளி

உப்பளத்துக்குப் பக்கத்தில் காலி மைதானம் ஒன்றில் வெறும் வண்டியை வைத்து ஒத்திகை. கடைக்குப் பதில் எண்ணெய் பீப்பாய்கள். என்னைத் தவிர யாரும் வாக்கியில் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். ஒழுங்கு என்றால் அதுதான் என்று நினைத்தேன்.

பீப்பாய்கள் உருண்டன. மறுபடி அடுக்கினோம், மறுபடி உருண்டன. நாச்சிமுத்து வண்டியைக் குலுக்கிக் குலுக்கி நிறுத்தினார். முப்பது வருடம் ஓட்டியவர் இப்படியா என்று கேட்கப் போனேன். கேபினில் ஏறிப் பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சத்தமே இல்லீங்க மேடம். வாலு எங்க இருக்குதுன்னு எனக்கு இங்கிருந்து தெரியாதுங்க. பின்னாடி ஆராச்சும் பேசிட்டே இருந்தா ஆள் இருக்குதுன்னு ஓட்டுவேனுங்க. பேச்சு நின்னுதுன்னா, கெட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னு கால் தானா பிரேக்குக்குப் போயிருதுங்க."

சுடலையைத் தேடிப் போனேன். அவன் வாக்கியை அணைத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். என் உத்தரவுகள் அத்தனையும் அவன் பையில். கேட்டதற்கு அவன் சொன்னதுதான் இதுவரை என்னிடம் பேசியதிலேயே நீளமானது: "பேச்சு கேட்டா எனக்குக் கண்ணு மங்குது யக்கா."

ஒருவருக்குப் பேச்சு நின்றால் கை நடுங்குகிறது. இன்னொருவனுக்குப் பேச்சு கேட்டால் கண் மங்குகிறது. இரண்டு பேரையும் ஒரே வாக்கியில் கட்டிப்போட்டு, நடுவில் நான் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

பீப்பாய் மேல் உட்கார்ந்து யோசித்தோம். யோசனை சொன்னது தணிகை. இரண்டு அலைவரிசை. ஒன்றில் அவனும் நாச்சிமுத்துவும், அவன் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பான். இன்னொன்றில் சுடலை தனியாக. அதில் பேச்சே கிடையாது. மைக்கில் விரலால் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் தொடர். அவனும் தட்டித்தான் பதில் சொல்வான்.

"நடுவுல ஒர்த்தரு ரெண்டு வாக்கியும் வச்சிக்கினு நிக்கணும் மேடம். ஆனா அவுங்க..." என்று இழுத்தான். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அவங்க என்ன?"

"சொம்மா இருக்கணும் மேடம்."

எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நான் இயல்பிலேயே அமைதியானவள்தான். கடற்கரைத் தொண்டை, அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியது, அதை இவர்கள் கத்தல் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மாலை ஒரு பீப்பாய்கூட அசையவில்லை. அலைவரிசைக்கு யாரோ மயில்-புறா என்றும் ஆந்தை என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். அட்டையை டிபன் பாக்ஸுக்குக் கீழிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன். பின்னால் எழுதியிருந்ததை இப்போதுதான் வாசித்தேன். ஒன்றும் மோசமில்லை.

ஜூன் 14, சனி

கருங்குறிச்சிக்கு வெளியே மறுபடி நிற்கிறோம். காற்று போன வாரத்தைவிடப் பலமாக இருக்கிறது.

வரைபடத்தை விரித்தேன். அதே வழி. நாச்சிமுத்து பார்த்தார். "பாக்கலாமுங்க" என்றார்.

வரைபடத்தை மடிக்கப் போன கை நின்றுவிட்டது. போன சனிக்கிழமையும் இதே சொல்தான். அவர் ஊர் மரியாதையில் "முடியாது" என்ற சொல்லே கிடையாது. அந்த இடத்தில் "பாக்கலாமுங்க" உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணாச்சி, இது ஆகாதுன்னு நினைக்கிறீங்களா?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்க."

அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பையில் வாழைப்பழம் இருந்தது, அதை உரித்து வாயில் வைத்துக்கொண்டேன். முழுப் பழமும் தின்று முடித்தேன். அவர் துண்டை உதறினார், மறுபடி மடித்தார். பிறகு சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். இந்த வழியில எத்தன தடவ போனாலும் கடையத் தொடுமுங்க. வேலி மூலையில அந்த நாலு கல்லப் புடுங்கிட்டு, மைதானத்துக்குள்ள மூக்க வு..." என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, "நுழைச்சு, அகலமாத் திரும்புனா அலுங்காமப் போயிருமுங்க."

சுடலை, "ம்" என்றான். போன வாரம் அவன் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நாலு கல்லைத்தான்.

வேலியைத் தொடக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியது நான். தொட்டால் இன்னொரு கடிதம் அடிக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை. சிவப்பு மையை அடித்துவிட்டேன்.

தலைமையாசிரியை இதே ஊர்தான். தணிகையைக் கூட்டிக்கொண்டு போனேன், பேச வேண்டியது அவன் என்ற ஒப்பந்தத்தோடு. அவர் வீட்டு முருங்கையைப் புகழ்ந்தான், பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைப் புகழ்ந்தான், நாளைக்கு மாணவர்களை வரிசையாக நிறுத்தி இறக்கையைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தான். காபி வந்தது. அனுமதியும் வந்தது, வேலியைத் திங்கள் காலைக்குள் திரும்ப நட்டுவிட வேண்டும். நான் அங்கே பேசிய ஒரே சொல் "நன்றி டீச்சர்".

ஜூன் 15, ஞாயிறு

போய்விட்டது. போய்விட்டது. போய்விட்டது. இனி வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் கல்லைப் பிடுங்கினோம். மைதானத்தின் மறுகோடியில் பிள்ளைகள் டீச்சரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊரே மாடியில் நின்றது. பாய் தன் புதுப் பலகையைத் தானே கழற்றி உள்ளே வைத்துவிட்டு, "நம்பிக்கை இல்லாம இல்லம்மா" என்றார். என் கையில் ஓர் இஞ்சி மரப்பாவைக் கொடுத்து வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். இதற்குப் பின்னால் தணிகை இருப்பான் என்று நினைக்கிறேன்.

ஒரு கையில் மயில்-புறா, மறுகையில் ஆந்தை. வாயில் மரப்பா. நடுவில் நின்றேன்.

தணிகை தொடங்கினான். "வாங்க புறா, வாங்க வாங்க, ரோடு சொம்மா கண்ணாடி மாரி கீது, ரைட்ல ஒரு நாயி தூங்குது, அது உங்கள கண்டுக்கல, நீங்களும் கண்டுக்காதீங்க, வாங்க." நாச்சிமுத்து கேபினில் தலையாட்டிக்கொண்டே வந்தார். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மைதானத்துக்குள் மூக்கை நுழைத்தது. பின்னால் சுடலை இறக்கையின் நுனியைப் பார்த்தபடி நடந்தான். நான் இரண்டு தட்டு. அவன் இரண்டு தட்டு. சக்கரங்கள் திரும்பின. பாதி வளைவு முடிந்தது.

அப்போது காற்று அடித்தது. புழுதி எழுந்தது, இறக்கை மூச்சு விடுவது போல மேலும் கீழும் ஆடியது. ஆந்தைக்கு ஒரு தட்டு. சுடலை நின்றான். அதே நொடியில் தணிகையின் குரல் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஜீப் பக்கத்தில் நின்று வாக்கியைத் தொடையில் அடித்துக்கொண்டிருந்தான், பேட்டரி போய்விட்டது. வாக்கி இல்லாமல் அவன் எவ்வளவு கத்தினாலும் அந்தக் காற்றில் கேபினுக்குக் கேட்காது.

வண்டி குலுங்கி நின்றது. நாச்சிமுத்துவின் குரல் வந்தது. "ஏனுங்க. ஆராச்சும் இருக்கறீங்களா. ஏனுங்க."

இறக்கைக்கும் பாயின் கூரைக்கும் நடுவே என் கையை நீட்டினால் முழங்கை மடங்கும் அளவு இடம். அவர் இன்னொரு முறை பிரேக்கைக் குலுக்கினால் அதுவும் இல்லை. எனக்கு உத்தரவு போடத் தெரியும். நில், வா, திருப்பு, இது போதும் பத்து வருட வேலைக்கு. நடுங்குகிற ஒரு மனிதரோடு சும்மா பேசிக்கொண்டிருக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மரப்பாவைத் துப்பினேன்.

"நான் இருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. நாச்சிமுத்து சொல்வதை நம்புவதென்றால், விளைமீன் குழம்புக்கு மாங்காய் எப்போது போட வேண்டும் என்பதில் ஆரம்பித்து, என் அம்மா சொத்தைத் தேங்காய் வாங்கிவந்த கதை, நான் ஸ்கூட்டர் பழகிச் சாக்கடைக்குள் போன கதை வரை எல்லாம் சொன்னேனாம். அதுவும் தாலாட்டுப் பாடுகிற குரலில். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பதாகத் தெரியாது. நினைவிருப்பது நடுநடுவே வந்த நாச்சிமுத்துவின் பதில்தான். "அப்பிடிங்களா." "அய்யோ, சாக்கடைக்குள்ளயேங்களா." அவர் கேட்கக் கேட்க வண்டி விரல் விரலாக நகர்ந்தது. இடது கை சுடலைக்குத் தட்டிக்கொண்டே இருந்தது, அவன் பதில் தட்டிக்கொண்டே இருந்தான். வாய் ஒரு ஆளுக்கு, கை ஒரு ஆளுக்கு. நான் யாருக்கும் கத்தவில்லை.

இறக்கையின் கடைசி நுனி பாயின் கூரையைத் தாண்டியது. மைதான மூலையைத் தாண்டியது. சாலைக்கு நேரானது. பிள்ளைகள் எழுந்து குதித்தார்கள், டீச்சரும் குதித்தார். தணிகை செத்த வாக்கியை வானத்தை நோக்கி எறிந்து பிடித்தான். நாச்சிமுத்து கேபினிலிருந்து இறங்கி, முன்சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதேன். புழுதி இல்லை, அழுகைதான்.

முதலாளியிடம் போனில் சொன்னேன். மீதி இரண்டும் நமக்கே என்றார், நாச்சிமுத்துதான் ஓட்டுவார் என்றார். போன ஞாயிறு "விடுங்க" என்று சொன்னது நான், அறிக்கையில் நான் நிரப்பாத கட்டத்தை இப்போது நிரப்பிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன். பருந்து பருந்துதான்.

பாய் கடையில் எல்லாருக்கும் புரோட்டா. காசு வாங்க மாட்டேன் என்றார். சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில், ஆந்தை அலைவரிசையில் கரகரவென்று ஒரு சத்தம். சுடலை எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே வாக்கியை வாயருகே வைத்திருந்தான். அதில் அவன் பேசுவது இதுதான் முதல் தடவை.

"யக்கா. இனி மூச்ச விடலாம்."

தணிகை மேசையைத் தட்டித் தீர்ப்பு வழங்கினான். குற்றவாளி சுடலைமணி, தண்டனை எல்லாத் தட்டும். நாலு நாளாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன், நான் கழுவாத முதல் வேளை. சுடலை சிரித்துக்கொண்டே தட்டுகளை அடுக்கினான்.

"நீ வுடு மச்சான், நான் கழுவுறேன்" என்றான் தணிகை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"ரெண்டு பேரும் உடுங்க தம்பி, சின்னப் பசங்க போயி உக்காருங்க" என்று எழுந்தார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு அவரும் நின்றார்.

"எல்லாரும் விடுங்க, என் வேலை அது" என்றேன் நான்.

கடைக்குப் பின்னால் ஒரே ஒரு குழாய். நாலு குற்றவாளிகளும் அதைச் சுற்றி நின்று கழுவினோம். இந்தத் தடவை அந்தச் சொல் யார் காதிலும் தப்பாக விழவில்லை. தட்டுதான் சரியாகக் கழுவப்படவில்லை, நாங்கள் போன பிறகு பாய் எல்லாவற்றையும் மறுபடி கழுவினாராம்.